ஏத்தம் எத்தன மணிக்கு?

நேத்து வெள்ளிக்கிழம வேல விட்டு வந்து மோட்டோவ ஸ்டாண்டு கூட போடல, அம்மா வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கையில ஒரு பிளாஸ்டிக் பை, அதுக்குள்ள அவிச்ச மரவள்ளிக்கிழங்கு, தேங்காப்பூ தனியா ஒரு டப்பாவுல. “இன்னைக்கு ஏத்தம் எத்தன மணிக்குடி?”ன்னு கேட்டாங்க. ஆத்துல கடல் தண்ணி ஏறி வர்றததான் நாங்க ஏத்தம்னு சொல்வோம், எறங்கிப் போறத வத்தம்னு. போன்ல பாத்துட்டு ஏழு மணி வாக்குலம்மான்னேன். “அப்ப நீ உடுப்பு மாத்தாத, அப்படியே கெளம்பு, தண்ணி ஏறி முடியறதுக்குள்ள போய் ஒக்காரணும்”னாங்க. ஒன்றர வருஷத்துக்கு முன்னாடி இதே அம்மாவ வாசப்படி தாண்ட வைக்கிறதுக்கு நாங்க என்னென்னமோ பண்ணோம், ஒண்ணும் நடக்கல. அந்த நெனப்பு ராத்திரியெல்லாம் ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதான் காலையில இத எழுத ஒக்காந்துட்டேன்.

எங்க ஊரு மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்குற தெலுக் இந்தான். 1982ல பேர மாத்துனாங்க, ஆனா அம்மா வயசு ஆளுங்க எல்லாரும் இன்னமும் தெலுக்கான்சன்னுதான் சொல்வாங்க. வெளியூர் ஆளுங்களுக்கு எங்க ஊருன்னா சாஞ்ச மணிக்கூண்டு. 1885ல லியோங் சூன் சோங்னு ஒரு சீன குத்தகைக்காரர் கட்டுனது, வெளியருந்து பாத்தா எட்டு மாடி மாதிரி இருக்கும், உள்ள போனா மூணே மூணு மாடிதான், மேல அந்த காலத்துல ஊருக்கே தண்ணி வச்ச தொட்டி. அந்த தண்ணியோட பாரமும் கீழ இருக்குற எளக்கமான மண்ணும் சேந்து அத சாச்சிருச்சு. வர்றவங்க அதுகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு, சீச்சோங்ஃபான் வாங்கி சாப்பிட்டுட்டு, காருல ஏறி போயிருவாங்க. இன்னும் கொஞ்சம் நடந்தா பேராக் ஆறு. பகாங் ஆத்துக்கு அடுத்தபடியா தீபகற்பத்துலயே நீளமான ஆறு அதுதான், எங்க ஊருகிட்ட வந்து பெருசா ஒரு வளைவு போட்டு திரும்பி, அப்பறம் பாகான் டத்தோ பக்கமா போய் கடல்ல கலக்குது. அந்த கரைய பார்க்கா ஆக்கி வச்சிருக்காங்க. நடபாத, சிமெண்டு பெஞ்சு, புள்ளைங்க சறுக்கி வெளையாட ஒரு எடம், கொஞ்சம் கட, நெறைய வானம். அதுக்கு ஏதோ ஒரு பேரு வச்சு போர்டு மாட்டியிருக்கு, நாங்க யாரும் அந்த பேர சொன்னதில்ல, எங்களுக்கு அது ஆத்தங்கர, அவ்ளோதான்.

அம்மாவுக்கு ஏத்தம் வத்தம் எல்லாம் எப்படி தெரியும்னா அது அப்பாவால. எங்க ஹிலிர் பேராக் மாவட்டத்து எஸ்டேட் தோட்டங்க நெறைய கடலோரத்து களிமண்ணுல இருக்கு, ஆத்துல ஏத்தம் வந்தா அந்த தண்ணி மட்டத்துக்கு தோட்டத்து தர தாழ்வா போயிரும். அதனால சுத்தி மண்ணுல பண்டுன்னு ஒசரமா கர போட்டு, உள்ள பாரிட்னு வாய்க்கா வெட்டி, பாரிட் ஆத்துல போய் விழுற எடத்துல கதவு வச்சிருப்பாங்க. மலாய்ல பிந்து ஆயர், நாங்க தண்ணி கதவுன்னு சொல்வோம். ஏத்தத்துல மூடணும், இல்லன்னா உப்புத்தண்ணி உள்ள பூந்து எண்ணெய் எடுக்குற செம்பனைய கெடுத்துரும், வத்தத்துல தொறக்கணும், இல்லன்னா பேஞ்ச மழத்தண்ணி வெளிய போக வழியில்லாம நாங்க குடியிருந்த லயத்து, அதான் தோட்டத்து வரிச வீட்டு, வாசல்ல வந்து நிக்கும். எங்கப்பா இருபத்தாறு வருஷம் அந்த கதவ பாத்துக்கிட்டாரு. ஏத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு வாட்டி வரும், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஏறும் ஆறு மணி நேரம் வத்தும், அதோட ஒவ்வொரு நாளும் அம்பது நிமிஷம் போல தள்ளித் தள்ளி போகும், அதனால அவரோட வேல நேரமும் கடிகாரத்துல சுத்திக்கிட்டே இருக்கும், இந்த வாரம் சாயங்காலம்னா அடுத்த வாரம் நடுராத்திரி. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அந்த நீள டார்ச் லைட்ட எடுத்துக்கிட்டு பண்டு மேல நடந்து போவாரு. அம்மாவும் கூட எந்திரிச்சு கோப்பி கலக்கி குடுத்துட்டு, அந்த டார்ச் வெளிச்சம் பண்டு வளைவுல மறையற வரைக்கும் வாசல்ல நிப்பாங்களாம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பெரிய ஏத்தம், நடுவுல எட்டாம் பெற ஒம்போதாம் பெற சமயத்துல சின்ன ஏத்தம், இதெல்லாம் அம்மா எந்த புஸ்தகத்துலயும் படிக்கல.

தோட்டத்துல ஒக்கார எடத்துக்கு பஞ்சமே கெடையாது. வேலைக்கு முன்னாடி பேர் கூப்பிடுற பெரட்டு களத்துல, பொது பைப்புல தண்ணி புடிக்கிறப்ப, ஆயா கொட்டகையில புள்ளய விடுறப்ப கூட்டுறப்ப, கோயில் மரத்தடியில, திடல்ல பந்து வெளையாடுறத வேடிக்க பாத்துக்கிட்டு. யாரும் யார் வீட்டுக்கும் சொல்லிட்டு போக வேணாம், எதுவும் வாங்கிக் குடுக்க வேணாம், சும்மா போய் நின்னா பேச ஆள் வந்துரும். ஒருத்தி ரெண்டு நாளா பைப்படிக்கு வரலன்னா மூணாவது நாள் நாலு பேரு அவ வீட்டு வாசல்ல நிப்பாங்க. அடிதடி இருந்துச்சு, குடி இருந்துச்சு, கூலி எப்பவும் பத்தல, அதெல்லாம் நான் மறைக்கல. ஆனா தனியா கெடந்து யாரும் செத்ததில்ல.

2004ல லயத்த ஒடச்சாங்க. எங்க தாத்தா இந்தியாவுலருந்து ரஜுலா கப்பல்ல வந்து பினாங்குல எறங்குனவரு, 1960ல அப்ப அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதி கூட்டுறவு சங்கத்த தொடங்கி, மாசம் பத்து வெள்ளி கட்டுனா தோட்டத்த நாமளே வாங்கலாம்னு சொன்னப்ப தாத்தாவும் வயித்தக் கட்டி அந்த பத்து வெள்ளிய போட்டவரு. அந்த சங்கம் பல தோட்டத்த வாங்குச்சு, எங்க தோட்டம் அதுல வரல. அப்பறம் என்ன, லோரியில சாமான ஏத்திக்கிட்டு ஆளுக்கு ஒரு தாமான்னு, அதான் வீடமைப்பு பகுதின்னு, பிரிஞ்சோம். கொஞ்சம் பேரு இங்க, கொஞ்சம் பேரு ஊத்தான் மெலிந்தாங், பீடோர், வயசு புள்ளைங்க வேல தேடி கிளாங், ஷா ஆலாம், ஜொகூர் கூட போயிட்டாங்க.

தாமான் வீட்ட நான் கொற சொல்லல. கரண்டு, தண்ணி, கக்கூஸ் எல்லாம் வீட்டுக்குள்ளயே இருக்கு, அம்மா மொத ராத்திரி பைப்ப தொறந்து மூடி தொறந்து மூடி பாத்தாங்க. ஆனா புது தாமான் கட்டுனா பத்துல ஒரு பங்கு நெலத்த திறந்தவெளிக்கு விடணும்னு திட்டமிடல் விதி இருக்குல்ல, எங்க தாமான்ல அந்த பங்கு எங்க இருக்குன்னு போய் பாருங்க. கடைசி வரிசைக்கு பின்னால பெரிய லோங்காங், அதான் சாக்கட, ஓரமா மூணு மூலையா ஒரு துண்டு, நடுவுல ஒரு ஊஞ்சல், ஒரு மரம் கெடையாது. நாலு மணி வெயில்ல ஊஞ்சல் சங்கிலிய தொட்டா கை சுடும். எழுபது வயசு பொம்பள அங்க போய் எங்க ஒக்காருவாங்க? அதனால எல்லாரும் வீட்டுக்குள்ள, கிரில் பூட்டி, டிவி போட்டு.

அப்பா இருந்த வரைக்கும் அது அவ்வளவா தெரியல. அவரு போனப்பறம் அம்மா பேச்ச நிறுத்திட்டாங்கன்னே சொல்லணும். கேட்டா பதில் வரும், அவங்களா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இனிப்புநீர், அதான் சக்கர வியாதி, வேற ஏறிப்போச்சு, கிளினிக்குல டாக்டர் தெனம் அர மணி நேரம் நடக்க சொல்லிட்டாரு. ஆத்தங்கரைக்கு போலாம்மான்னு கூப்பிட்டா முடியவே முடியாதுன்னுட்டாங்க. எனக்கு காரணம் தெரியும். அப்பாவோட அஸ்திய கரைச்சது இதே ஆத்துலதான், ஊர தாண்டி கொஞ்சம் கீழ. அன்னைக்கு ஐயர் ஒரு நேரம் சொன்னாரு, அம்மாதான், அந்த நேரம் வேணாம், தண்ணி வத்த ஆரம்பிச்சப்பறம்தான் போடணும், அப்பதான் கடலுக்கு போகும், அவரு வேல பாத்ததும் அப்படித்தானேன்னு சொல்லி எல்லாரையும் ஒரு மணி நேரம் காக்க வச்சாங்க. அதுக்கப்பறம் அந்த ஆத்து பக்கமே திரும்பல.

கடைசில என் மகன்தான் கூட்டிட்டு போனான், படிவம் மூணு படிக்கிறான். பாட்டி எனக்கு மீன் புடிக்கணும், ஏத்தம் எப்ப வரும்னு நீங்கதான் வந்து சொல்லணும்னு கேட்டிருக்கான். நானா அவனுக்கு அத சொல்லிக் குடுக்கல. அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசாம இருந்துட்டு போய் பொடவ மாத்திட்டு வந்தாங்க.

நாங்க போய் பத்து நிமிஷம் இருக்கும், சக்கர நாக்காலியில ஒரு வயசான அம்மாவ தள்ளிக்கிட்டு ஒரு பையன் வந்தான். அந்த அம்மா எங்கம்மாவ பாத்துட்டு கைய தூக்கி, “ஏய், தண்ணி கதவுக்காரர் பொஞ்சாதிதானே நீ?”ன்னு ஒரு கொரல் குடுத்தாங்க பாருங்க, மீன் புடிச்சுக்கிட்டு இருந்தவங்கெல்லாம் திரும்பி பாத்தாங்க. எங்க தோட்டத்து ஆயா கொட்டக பாட்டி! என்னைய, என் தம்பிய, அந்த வரிசையில இருந்த அத்தன புள்ளையையும் தொட்டில்ல போட்டு ஆட்டுனவங்க. எம்பத்தாறு வயசு இப்ப. நாங்க இருக்குற தாமானுக்கு அடுத்த தாமான்லதான் இருந்திருக்காங்க, நடந்தா பதினஞ்சு நிமிஷம், பத்தொம்போது வருஷமா ஒருத்தர ஒருத்தர் பாக்கல. அத கேட்டப்ப எனக்கு நெஞ்சு அடச்சிருச்சு. அம்மா அந்த நாக்காலி பக்கத்துல தரையிலயே ஒக்காந்து, அவங்க மடியில கைய வச்சுக்கிட்டு, அப்பா எப்படி போனாருன்னு மொதல்லருந்து சொன்னாங்க. ஆஸ்பத்திரி, அந்த ராத்திரி, கடைசியா கேட்ட தண்ணி, எல்லாத்தையும். எங்ககிட்ட கூட சொல்லாத விஷயமெல்லாம். நான் ஆத்த பாத்துக்கிட்டு நின்னேன்.

அதுலருந்து சனி ஞாயிறு தவறாது, வார நாள்ல கூட ரெண்டு தடவ. ஆயா பாட்டி மேல் லயத்து அக்காவுக்கு சொல்ல, அவங்க தையக்கார அண்ணிக்கு சொல்ல, இப்ப ஞாயித்துக்கிழமன்னா பதினெட்டு இருவது பேரு வர்றாங்க, பாதி பேரு எங்க தோட்டமே இல்ல, பக்கத்து தோட்டம், அதுக்கும் பக்கத்து தோட்டம். பாய விரிச்சு ஒக்காந்து யாரு வீட்டு கலியாணம், யாரு மருமக மாசமா இருக்கா, எந்த கடையில வெல கம்மி, தமிழ்ப்பள்ளியில ஒண்ணாம் ஆண்டுக்கு இந்த வருஷம் எத்தன புள்ளைங்க சேந்துச்சு, இதேதான் பேச்சு. ஆனா அந்த பேச்சுலருந்து வேலையும் நடக்குது. போன வருஷம் ஒரு மாமாவுக்கு கிட்னி போயி வாரத்துக்கு மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்ண போகணும்னு ஆச்சு, ஒரு தடவன்னா நாலு மணி நேரம் மெஷின்ல படுக்கணும், முடிச்சுட்டு எந்திரிச்சா நிக்கவே தெம்பு இருக்காது, மகன் சிங்கப்பூர்ல, கொண்டு போய் விட ஆள் இல்ல. பாய்ல ஒக்காந்திருந்த மூணு குடும்பம் கெழமைய பிரிச்சு எடுத்துக்கிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒரு நாள் தவறல. எந்த மீட்டிங்கும் போடல, கமிட்டி கெடையாது.

நம்மாளுங்க மட்டும்னு நெனச்சுராதீங்க. காலையில போனீங்கன்னா சீன பாட்டிங்க மெதுவா கைய ஆட்டி உடற்பயிற்சி பண்ணிக்கிட்டு இருப்பாங்க, அதுல ஒரு பாட்டி சாயங்காலமும் வருவாங்க, எங்கம்மாவும் அவங்களும் பாசார் மலாய்ல “சூடா மாக்கான்?”னு, சாப்டாச்சான்னு, ஆரம்பிச்சு முட்டி வலிக்கு என்ன தடவுறதுன்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. ஒரு மலாய் பாக்சிக், பெரியவரு, தூண்டில் போட்டு ஊடாங் காலாவுக்கு காத்துக்கிட்டு இருப்பாரு, அந்த நீலக் கொடுக்கு எறாலுக்குத்தான் எங்க ஆத்துக்கு பேரு. என் மகனுக்கு தூண்டில் முள்ளு கட்ட கத்துக் குடுத்தது அவருதான். ஆத்துல முதல இருக்கு, தண்ணி ஓரத்துல எறங்காதன்னு தெனம் நாலு தடவ பசங்கள வெரட்டுறதும் அவருதான்.

எனக்கு ஒரு விஷயம் பின்னாடிதான் தெரிஞ்சுது. ஆத்தோட அகலம் நாப்பது மீட்டருக்கு மேலன்னா ரெண்டு கரையிலயும் அம்பது மீட்டர் ஆத்து ஒதுக்கு நெலமா விட்டு வைக்கணும்னு ஒரு வழிகாட்டி நம்ம நாட்டுல இருக்கு. வெள்ளம் வந்தா தண்ணி போக, மண்ணு சரிஞ்சா தாங்க, மெஷின் கொண்டு வந்து கர கட்ட. அத படிச்சப்ப எனக்கு என்ன தோணுச்சுன்னா, எங்க தாத்தா பத்து பத்து வெள்ளியா கட்டி தேடுன எடம் கெடைக்கல, அப்பா வாழ்நாள் பூரா பண்டு காத்த நெலத்துல ஒரு அடி அவரு பேர்ல இல்ல, கடைசில எங்க சனம் ஒண்ணா ஒக்கார கெடச்சது யாரும் விக்க முடியாத இந்த ஆத்து ஓரம். மோலுக்கு போனா வாங்கணும், மாமாக் கடைக்கு போனா தே தாரிக்காவது குடிக்கணும், எவ்ளோ நேரம் ஒரு கிளாச வச்சுக்கிட்டு ஒக்கார முடியும்? இங்க ஒரு காசு இல்லாம ஆயா பாட்டி மூணு மணி நேரம் ஒக்காந்திருக்காங்க.

போன வருஷம் தைப்பிங் ஏரி பூங்காவுக்கு எல்லாரும் வேன் புடிச்சு போனோம். ஈயம் தோண்டி விட்ட குழிங்கள ஏரியாக்கி 1880லயே உண்டாக்குன பூங்கா. தூங்குமூஞ்சி மரக் கெளைங்க ரோட்டுக்கு மேலயே குறுக்க போயி அந்தாண்ட தண்ணிய தொடுது, நான் வாயப் பொளந்து பாத்தேன். அம்மா ஒரு சுத்து நடந்துட்டு, “அழகாத்தான் இருக்கு, ஆனா தண்ணி நகரவே மாட்டேங்குதே”ன்னாங்க.

சித்திரா பௌர்ணமி வந்தா எங்க ஊரு வேற ஊரு. தண்டாயுதபாணி கோயில் திருவிழாவுக்கு கோலாலம்பூர்லருந்து ஜொகூர்லருந்தெல்லாம் வருவாங்க, தோட்டத்த விட்டு போன புள்ளைங்க முக்காவாசி அன்னைக்குத்தான் ஊரு திரும்பும். ரதம் பாத்துட்டு கூட்டம் ஆத்தங்கரைக்கு காத்து வாங்க வரும், பௌர்ணமிங்கறதுனால ஏத்தமும் அந்த சமயத்துல பெருசா வரும், நெலா வெளிச்சத்துல தண்ணி தளும்பிக்கிட்டு நிக்கும். இந்த வருஷம் அங்க நின்னுக்கிட்டு அம்மா எங்கிட்ட மட்டும் மெதுவா சொன்னாங்க, தண்ணி மேல ஏறி வர்றப்ப ஒங்கப்பா வேல முடிச்சு பண்டு மேல திரும்பி வர்ற மாதிரியே இருக்குடின்னு.

இப்ப கொஞ்சம் கோவமாவும் சொல்லணும். வெளக்கு அஞ்சு கம்பத்துல ரெண்டு எரியாம கெடந்துச்சு. பெஞ்சு எல்லாம் சாய முதுகு இல்லாத சிமெண்டு பலக, வயசானவங்க பத்து நிமிஷத்துக்கு மேல ஒக்காந்தா இடுப்பு போயிரும். நடபாத கல்லு அங்கங்க அமிஞ்சு போயிருக்கு, மணிக்கூண்ட சாச்ச அதே எளக்க மண்ணுதானே, சக்கர நாக்காலி அங்க வந்து தட்டி நிக்கும். எல்லாத்த விட கழிவறைய சாயங்காலமே பூட்டிடுறது. இனிப்புநீர் உள்ளவங்களுக்கு எவ்ளோ அவசரமா வரும்னு வீட்டுல ஒருத்தர் இருந்தாத்தான் புரியும், ரெண்டு அக்காங்க இதுக்கு பயந்தே வர்றத கொறச்சுட்டாங்க. பார்க்குன்னா ஓடுற வயசு பசங்களுக்கும் போட்டோ எடுக்க வர்றவங்களுக்கும்னு நெனச்சு கட்டுனா இப்படித்தான் இருக்கும். தெனம் வந்து ஒக்கார்றது யாருன்னு ஒரு சாயங்காலம் நின்னு பாத்தாங்கன்னா போதும், என்ன வேணும்னு அவங்களுக்கே தெரிஞ்சுரும். நான் மலாய்ல ஒரு கடிதம் எழுதி, பாய்ல இருந்தவங்க, சீன பாட்டி, பாக்சிக் எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி பொறுப்புல இருக்குறவங்ககிட்ட நேருல குடுத்தேன். மொத்தம் முப்பத்தேழு கையெழுத்து, அதுல ஆயா பாட்டியோடது பெருவிரல் ரேக. ரெண்டு வாரத்துல ஒரு வெளக்கு எரிஞ்சுது. கழிவறைக்கு மறுபடி எழுதியிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் எழுதிக்கிட்டேதான் இருப்பேன்.

நேத்து நாங்க போய் சேந்தப்ப ஏழாகப் போகுது. தூங்குமூஞ்சி மரத்து எலயெல்லாம் மூடியிருந்துச்சு, மலாய்க்காரங்க அத அஞ்சு மணி மரம்னு சொல்றது எவ்ளோ சரி. கெழங்கு பாய்ல வச்ச ஒடனே தீந்துபோச்சு. மேல் லயத்து அக்கா ஒரு சேதி கொண்டு வந்திருந்தாங்க, அவங்க தங்கச்சி கிளாங்லருந்து நாளைக்கு வர்றாங்களாம், கலியாணமான புதுசுல அம்மாவும் அவங்களும் ஒரே நெரையில உதிரி பழம் பொறுக்குனவங்க, லயம் ஒடச்ச அன்னைக்கு பாத்ததுதான் கடைசி. அம்மா வெரல் விட்டு எண்ணிட்டு, நாளைக்கு ஏத்தம் ராத்திரி ஏழே முக்காலுக்கு மேல ஆயிரும், ஆனா தண்ணி பெருசா வரும், அவ பாக்கணும்னாங்க. எரியாத இன்னொரு வெளக்கு சரியா அந்த பெஞ்சுக்கு மேலதான் இருக்கு, இருட்டா இருக்குமேம்மான்னு நான் கேட்டேன், ஒண்ணும் சொல்லல.

இத எழுதிக்கிட்டு இருக்கேன், பக்கத்து ரூம்ல பீரோ தொறக்குற சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். கட்டில்ல ஒக்காந்து அப்பாவோட அந்த நீள டார்ச் லைட்ட துணியால தொடச்சுக்கிட்டு இருக்காங்க, பக்கத்துல புது பேட்டரி ரெண்டு, மகன கடைக்கு அனுப்பி வாங்கியிருக்காங்க.